வைரல் லோடு இல்லை, மறதி மட்டும் ஏன் போகவில்லை?

கேள்வி: எனக்கு வயது 49. எச்ஐவிக்கு 14 வருடமாக ஏஆர்டி மாத்திரை சாப்பிடுகிறேன். தொடங்கும்போது சிடி4 (நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை) வெறும் 80. இப்போது ரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்றே வைரல் லோடு ரிப்போர்ட் வருகிறது. ஆனால் கடைக் கணக்கைக் கூட்டும்போது பாதியில் விட்டுப்போகிறது, ஆட்கள் பெயர் மறக்கிறது. மாத்திரை வேலை செய்யவில்லையா?

பதில்: மாத்திரை நன்றாகவே வேலை செய்கிறது. தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை ரத்தத்தில் இருப்பதைத்தான் சொல்லும். மூளையின் கதை வேறு.

தொற்றிய சில வாரங்களிலேயே எச்ஐவி, வெள்ளை அணுக்களுக்குள் ஒளிந்து மூளைக்குள் போய்விடுகிறது. அங்கே அது நரம்பு செல்களில் குடியேறுவதில்லை. மூளைக்குக் காவல் நிற்கும் மைக்ரோக்ளியா செல்களில்தான் தங்குகிறது. அவை கக்கும் அழற்சிப் பொருள்களால் பக்கத்து நரம்பு செல்களின் இணைப்புகள் சிதைகின்றன. ஏஆர்டி, வைரஸ் புதிய செல்களுக்குப் பரவாமல் தடுக்கும். செல்லின் மரபணுவோடு ஏற்கெனவே கலந்துவிட்டதை எடுக்காது. அதனால் அழற்சி நீறு பூத்த நெருப்பாக உள்ளே இருந்துகொண்டே இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த 80. அவ்வளவு இறங்கும்வரை வைரஸ் பல வருடம் தடையில்லாமல் இருந்திருக்கிறது. மூளைக்கு விழுந்த அடியில் பெரும்பங்கு அப்போதே விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இப்போது நம் நாட்டில் சிடி4 எண்ணுக்குக் காத்திருக்காமல், தொற்று தெரிந்ததுமே மாத்திரை தருகிறார்கள். 2017 முதல் இதுதான் நடைமுறை. ஒரு ஆறுதல்: ஒழுங்காக மாத்திரை எடுப்பவர்களுக்கு இது முழு டிமென்ஷியாவாக, அதாவது அன்றாட வேலையே செய்ய முடியாத மறதி நோயாக முற்றுவது அபூர்வம்.

ஆனால் எல்லாப் பழியையும் எச்ஐவி மேல் போட்டுவிடக் கூடாது. நான் முதலில் கேட்பது தூக்கத்தையும் மனநிலையையும்தான். நோயை ஊருக்கும் உறவுக்கும் மறைத்தே வாழ்பவர்களை மனச்சோர்வு எளிதில் பிடிக்கும், அதுவும் மறதியாகவே வெளியே தெரியும். பழைய கூட்டு மாத்திரையில் இருந்த எஃபாவிரென்ஸ் தலைசுற்றலும் விசித்திரக் கனவும் தரும். இன்னும் அதையே எடுத்தால் மாற்றமுடியுமா என்று கேளுங்கள். இப்போதைய டோலுடெக்ராவிர் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அவர்கள் இரவுக்குப் பதில் காலையில் எடுக்கலாம், மருத்துவரிடம் சொல்லிவிட்டு. அப்புறம் தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை, ரத்த அழுத்தம், சிபிலிஸ் என்ற பால்வினை நோய், குடி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இவை எல்லாமே சரிசெய்யக்கூடியவை.

ஏஆர்டி மையத்தில் சொன்னால் ஒரு சின்னச் சோதனை செய்வார்கள். நான்கு சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வார்கள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் 5 விநாடி வேகமாகத் தட்ட வேண்டும். பிறகு முஷ்டி, உள்ளங்கை, கையின் பக்கவாட்டு என்று மேஜைமேல் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். கடைசியில் அந்த நான்கு சொற்களையும் கேட்பார்கள். மொத்தம் 12 மதிப்பெண். 10 அல்லது அதற்குக் கீழ் வந்தால் அடுத்த கட்டப் பரிசோதனை.

திடீர்க் குழப்பம், கடும் தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம் வந்தால் காத்திருக்காதீர்கள், அன்றே போங்கள். அரிதாக, ரத்தத்தில் தெரியாத வைரஸ், மூளையையும் முதுகுத்தண்டையும் சூழ்ந்த நீரில் மட்டும் பெருகுவதும் உண்டு.

போகும்போது ரிப்போர்ட்டோடு கடைக் கணக்கு நோட்டையும் கொண்டுபோங்கள். எந்த மாதத்திலிருந்து தப்பு கூடுகிறது என்பது அதிலேயே இருக்கும்.