அக்கா பதில்கள்: வராதவரைத் தேடிப் போக ஓர் ஆள்

கேள்வி: அன்புள்ள அக்கா, எங்கள் நலன்புரிச் சங்கம் சில வருடங்களாகச் சனிக்கிழமைகளில் ஓர் இலவச கிளினிக் நடத்துகிறது. ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவரும் ஒரு மிஸியும் (தாதி) வருகிறார்கள். பிரஷரும் சீனியும் பார்த்து மருந்து கொடுக்கிறோம். இந்த வருடம் மனவருத்தங்களையும் குடி, தூள் பழக்கத்தையும் பார்க்கத் தீர்மானித்திருக்கிறோம். தலைவரின் மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். ஒன்பது சேவைகள் இருந்தால்தான் அது முழுமையான நிலையமாம். எங்களிடம் இருப்பது இரண்டு அறையும் ஒரு விறாந்தையும்தான். மனநல டொக்டர் ஒருவரை மாதம் இரண்டு தரம் காசு கொடுத்துக் கூப்பிட்டால் போதுமா?
செயலாளர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, அந்தப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் 2014இல் வந்த ஒரு சட்டத்தின்படி, 2017இல் எட்டு மாநிலங்களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய சமூக மனநல நிலையங்களுக்காக எழுதப்பட்டது அது. ஒன்பதில் ஒன்று படையினருக்கும் முன்னாள் படையினருக்கும் உரியது. அது அந்த நாட்டுத் தேவை. மற்ற எட்டும் எங்கேயும் வேண்டியவைதான். ஆபத்து நேரத்தில் உடனே கவனிப்பது, ஆரம்பத்திலேயே கேட்டறிவது, நோயாளியோடு சேர்ந்து சிகிச்சையைத் திட்டமிடுவது, மனவருத்தத்துக்கும் போதைக்கும் ஒரே இடத்தில் வைத்தியம், உடம்பையும் சேர்த்துப் பார்ப்பது, ஆளைக் கைவிடாமல் தொடர்வது, மறுபடி வேலைக்கும் வீட்டுக்கும் பழக்குவது, குடும்பத்துக்கும் அதே வழியில் வந்தவர்களுக்கும் இடம் கொடுப்பது. காசு கட்ட முடியாது என்பதற்காக ஒருவரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்றும் அங்கே விதி உண்டு. நீங்கள் முதலில் பிடிக்க வேண்டியது அதைத்தான்.

டொக்டர் மாதம் இரண்டு தரம் வந்தால் போதுமா என்றால், போதாது. ஏனென்று ஒரு சம்பவம் சொல்கிறேன்.

நான் மனநலத் தாதியாக வேலை செய்த காலத்தில், ஒரு கிளினிக்குக்கு மாதாமாதம் ஒரு அம்மா ஊசிக்கு வருவார். கிராண்ட்பாஸ் பக்கம் வீடு. காதில் குரல்கள் கேட்கிற வருத்தம் அவருக்கு. அந்த ஊசியின் பலத்தில் இடியப்பம் அவித்து விற்று நன்றாகவே இருந்தார். கூட்டிவருவது மகள்தான். மகளுக்குப் பிள்ளை பிறந்த மாதம் அம்மா வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. மூன்றாவது மாதமும் இல்லை. எங்கள் பதிவுப் புத்தகத்தில் வந்தவர்களின் பெயர் மட்டுமே இருந்தது. வராதவருக்கு அதில் இடமே கிடையாது. நாலாவது மாதம் கோட்டை ரயில் நிலையத்தில், காலில் செருப்பில்லாமல், யாரோ கண்டு கொண்டுவந்து சேர்த்தார்கள். பழைய நிலைக்கு வர அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. எங்களிடம் நல்ல டொக்டர் இருந்தார், மருந்தும் இருந்தது. ஒரு போன் எடுக்க ஆள் இருக்கவில்லை.

ஆகவே டொக்டருக்கு ஒதுக்கிய காசில் பாதியை எடுத்து, உங்கள் பகுதி வீடுகளையும் அங்குள்ளவர்களையும் அறிந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். பெரிய படிப்பு வேண்டாம். தமிழும் சிங்களமும் பேச வேண்டும், வாய் கட்டுப்பாடு வேண்டும். அவருக்கு ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி வாங்கிக் கொடுங்கள். பெயர், அடுத்த திகதி, வந்தாரா, வராவிட்டால் யார் எப்போது போன் எடுத்தது, என்ன பதில். இந்த ஐந்து நிரல் போதும். திங்கட்கிழமை காலை அந்தக் கொப்பியைத் திறந்து, சனிக்கிழமை வராதவர்களை அவர் தேட வேண்டும். போனில் பிடிக்க முடியாவிட்டால் வீட்டுக்கே போக வேண்டும். டொக்டர் வரும் நாளில் முதல் ஒரு மணித்தியாலத்தை அந்தக் கொப்பியைப் புரட்டுவதற்கே ஒதுக்குங்கள். யாருக்குக் குறையவில்லை, யாருக்கு மருந்தை மாற்ற வேண்டும் என்று அவரோடு இருந்து பேசுங்கள். இப்படிச் செய்தால் அவர் நேரில் காணும் பத்துப் பேருக்கு மட்டுமல்ல, காணாத முப்பது பேருக்கும் அவருடைய அறிவு போய்ச் சேரும்.

அடுத்தது மொழி. இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வேறோர் இடத்தில், தமிழ் தெரியாத டொக்டர் முன்னால் ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். பத்து வயது மகன் பக்கத்தில் நின்று சிங்களத்தில் மொழிபெயர்த்தான். தாய் சொன்னது: “விடிஞ்சா எழும்பவே மனமில்ல, இருந்து என்ன செய்றது எண்டு இருக்கு.” பையன் தன் வெள்ளைப் பாடசாலைச் சட்டையின் கீழ்ப்பொத்தானைத் திருகிக்கொண்டே, அம்மாவுக்குத் தலையிடி என்றான். டொக்டர் பனடோல் எழுதினார். நான் மருந்துத் தட்டோடு வாசலில் நின்றதால் காதில் விழுந்தது, உள்ளே போய்ச் சொன்னேன். நான் அங்கே நிற்காவிட்டால்? பிள்ளையை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். கணவனையும் ஆக்காதீர்கள்.

எங்கள் சனம் ‘மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு வராது. “யோசனை கூடிப்போச்சு”, “நெஞ்சு படபடக்குது”, “உடம்பெல்லாம் எரியுது” என்றுதான் வருவார்கள். சிம்பாப்வேயிலும் இதே மாதிரி ஒரு சொல் இருக்கிறது, குஃபுங்கிசிசா. அளவுக்கு மிஞ்சி யோசிப்பது என்று அர்த்தம். ஹராரே நகரில் 2006இல் டிக்சன் சிபண்டா என்ற மனநல வைத்தியர் தொடங்கிய ஏற்பாட்டில், பயிற்சி பெற்ற பாட்டிமார் கிளினிக் முற்றத்து வாங்கில் இருந்து, அந்த யோசனையின் பின்னால் இருக்கும் பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு இந்தக் கிழமை என்ன செய்யலாம் என்று பேசுகிறார்கள். பலன் இருந்ததென்று 2016இல் ஆய்வும் வெளிவந்தது. உங்கள் விறாந்தையிலும் ஒரு வாங்கு போடலாம், தம்பி. கொட்டாஞ்சேனையில் பாட்டிமாருக்கு என்ன குறை?

மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டறிவதற்கு ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.கியூ-9 தாள் தமிழில் இருக்கிறது. கடந்த இரண்டு கிழமைகளைப் பற்றிய கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் டொக்டர் பார்க்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாக நினைப்பதைப் பற்றியது. மொத்தப் புள்ளி குறைவாக இருந்தாலும், அதற்கு ‘ஆம்’ என்ற சாயலில் எந்தப் பதில் வந்தாலும், அன்றைக்கே டொக்டரோ மிஸியோ அவரோடு பேசாமல் வீட்டுக்கு விடக்கூடாது. கேட்டால் அந்த நினைப்பை நாங்களே ஊட்டிவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, கேட்டதும் பாரம் இறங்கியது போல அழுதவர்களைத்தான் நான் கண்டிருக்கிறேன். தற்கொலை முயற்சி 1998இலிருந்து இந்த நாட்டில் குற்றமில்லை. ஆகவே பொலிஸ் பயமும் வேண்டாம். ஆனால் தாளைக் கையில் எடுக்க முதல் உள் அறைச் சுவரில் இரண்டு இலக்கங்களை எழுதி ஒட்டுங்கள்: தேசிய மனநல நிறுவகத்தின் 1926, இலவச அம்புலன்ஸ் 1990. அவற்றின் கீழே, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது யார் என்று உங்கள் ஆட்களில் ஒருவரின் பெயர் இருக்க வேண்டும்.

அறை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கூரை வரை எட்டாத ஹார்ட்போர்ட் மறைப்புக்குப் பின்னால் யாரும் உண்மை பேச மாட்டார்கள். பிரஷர் வரிசையை விறாந்தைக்கு மாற்றி, கதவு சாத்தக்கூடிய உள் அறையைப் பேசுவதற்கு விடுங்கள். ‘மனநல நாள்’ என்று பலகை போடவும் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே நம்பர் துண்டு, ஒரே வரிசை. “அங்கொடைக்கா அனுப்பப் போறீங்க?” என்று, அங்குள்ள மனநல ஆஸ்பத்திரியை நினைத்துக் கேட்கிற ஊர் இது.

மருந்து வாங்கிக் குவிக்காதீர்கள். அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. இங்கே உங்களால் செய்யக்கூடிய பெரிய உதவி உடம்பைப் பார்ப்பது. குரல் கேட்கிற வருத்தம் போன்றவற்றுக்குக் கொடுக்கும் ஒலன்சபின் குடிப்பவருக்கு எடையும் சீனியும் ஏறலாம். உங்களிடம் தராசும் சீனி பார்க்கும் மெஷினும் ஏற்கெனவே இருக்கின்றன. மனநிலை ஏறி இறங்கும் வருத்தத்துக்குக் கொடுக்கும் லித்தியம் குடிப்பவருக்கு இரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைரொயிட் மூன்றையும் பார்த்தார்களா என்று அந்தக் கொப்பியில் குறித்துவையுங்கள். தூக்க மாத்திரை, பிரிகாபலின் போன்று போதைக்காகவும் எடுக்கப்படும் மருந்துகள் இருந்தால் பூட்டிய அலுமாரியில், இரண்டு பேர் கையெழுத்தோடு.

கேள்வி: அக்கா, என் கணவர் பதினைந்து வருடமாக நாள் தவறாமல் குடிக்கிறார், அநேகமாகக் கசிப்பு. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்து, ஜூன் 13 திருநாளிலிருந்து ஒரேயடியாக விடப் போகிறார். நான் எப்படி உதவலாம்?
ஒரு சகோதரி, மட்டக்குளி

பதில்: தங்கச்சி, அவர் மனம் வைத்தது பெரிய காரியம். ஆனால் டொக்டரைக் காணாமல் வீட்டில் ஒரேயடியாக நிறுத்த விடாதீர்கள். இத்தனை வருடம் தினமும் குடித்த உடம்பு, சாராயம் நின்றதும் கொந்தளிக்கும். முதல் ஒன்றிரண்டு நாளில் கை நடுக்கம், வியர்வை, வாந்தி வரும். சிலருக்கு வலிப்பும் வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து ஆள் தடுமாறலாம். அது உயிரையே எடுக்கக்கூடிய நிலை. திருநாளுக்கு ஒரு கிழமை முன்பே அரச ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். படிப்படியாகக் குறைக்கும் மருந்தும் தயமின் விற்றமினும் கொடுத்து, தேவையென்றால் வாட்டில் வைத்துப் பார்ப்பார்கள். வாட்டில் இருந்து நிறுத்தினாலும் அந்தோனியாருக்கு வைத்த நேர்த்தி நேர்த்திதான். வலிப்போ தடுமாற்றமோ கண்டால் விடியும்வரை காத்திருக்காமல் 1990ஐ அழையுங்கள்.

கேள்வி: மகள் இரண்டு வருடமாக ஒரு கிளினிக்கில் பதற்றத்துக்கு மருந்து எடுக்கிறாள், இப்போது நல்ல சுகம். கலியாணம் பேசுகிறோம். மாப்பிள்ளை பகுதியினர் கிளினிக்கில் விசாரித்தால் சொல்லிவிடுவார்களா?
ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சொல்லக்கூடாது, அம்மா. கேட்பவர் உறவுக்காரரோ கோயில் ஐயரோ யாராக இருந்தாலும், “அப்படி ஒருவர் இங்கே வருகிறாரா என்றுகூடச் சொல்ல மாட்டோம்” என்பதே கிளினிக்கின் பதிலாக இருக்க வேண்டும். அடுத்த முறை போகும்போது அங்கே யார் போன் எடுப்பது, என்ன சொல்வார் என்று மகளே கேட்டு வைக்கட்டும். கொட்டாஞ்சேனைச் செயலாளர் தம்பியும் இதை வாசிப்பார் என்று நினைக்கிறேன். போனுக்குப் பக்கத்தில் அந்த வரியை எழுதி வையுங்கள், தம்பி. மாப்பிள்ளையிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பதை மகள் முடிவெடுக்கட்டும். அவள் சொல்ல விரும்பினால், நீங்கள் அடுத்த அறையில் இருங்கள். மருந்தை மட்டும் கலியாணத்துக்காகத் தானாக நிறுத்த விடாதீர்கள்.