மெதுவாக நடப்பவர் வரிசையில் எங்கே நடக்கவேண்டும்?

வணக்கம்.

பேர்ண் நகருக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். எங்கள் ஊர் மலைநடைக் கழகத்தில் இந்த வருடம் சேர்ந்தேன். செப்டெம்பர் கடைசி ஞாயிறு கெம்மிக் கணவாய்க்குப் போகிறார்கள். ‘ரி-2, 9 கி.மீ., ஏற்றம் 450 மீட்டர். சுன்பூயெல் முதல் கெம்மி வரை நடை. அங்கிருந்து லொய்க்கர்பாட்டுக்கு நடந்தோ கேபிள் காரிலோ இறங்கலாம்’ என்று அறிவித்திருக்கிறார்கள் (ரி-2 என்றால் மலைநடைக் கஷ்டத்தின் ஆறு படிகளில் இரண்டாவது). நான் மெதுவாக நடப்பவள். மற்றவர்களுக்கு இடைஞ்சலாகிவிடுவேனோ என்று யோசனையாக இருக்கிறது. பத்து வருடத்துக்கு முதல் வாங்கி இரண்டொரு தடவை மட்டும் போட்ட மலைச் சப்பாத்து அலுமாரியில் இருக்கிறது, அது போதுமா? வழிகாட்டி சுவிஸ் ஜெர்மனில் வேகமாகக் கதைப்பார், எனக்குப் பாதி விளங்காது. பதினொரு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

– ச.

அன்புள்ள ச.,

மெதுவாக நடக்கும் ஒருவர் வருகிறார் என்று முதலே தெரிந்தால் வழிகாட்டி அதற்கான நேரத்தை ஒதுக்கிவிடுவார். மலையில் வைத்துத் தெரியவந்தால் ஒதுக்க நேரம் இராது. ஆகவே பெயர் கொடுக்கும்போதே மூன்று விடயங்களை எழுதுங்கள்: கடைசியாக எங்கே, எத்தனை மணி நேரம் நடந்தீர்கள், ஏற்றம் கஷ்டமா, இறக்கம் கஷ்டமா, முழங்காலில் நோ ஏதும் உண்டா. நல்ல வழிகாட்டி இதை விரும்பிக் கேட்பார். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

உங்கள் பாதைக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை நீங்களே கணக்கிடலாம். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டராக எண்ணித் தூரத்தோடு கூட்டவேண்டும். 9 கி.மீ.யும் 450 மீட்டரும் சேர்ந்தால் பதின்மூன்றரை. மணிக்கு நான்கு என்று வகுத்தால் சுமார் 3 மணி 20 நிமிடம். இதில் ஓய்வு இல்லை. மஞ்சள் வழிகாட்டிப் பலகையில் போட்டிருக்கும் நேரத்திலும் ஓய்வு சேராது. பலரும் ஏமாறுவது இங்கேதான். பத்துப் பன்னிரண்டு பேர் போகிற குழுவுக்குச் சாப்பாடு, சிறு நிறுத்தங்கள், உடுப்பு மாற்றுவது எல்லாம் சேர்த்து நான்கரை முதல் ஐந்து மணி நேரம் வையுங்கள். செப்டெம்பர் கடைசியில் சூரியன் மாலை ஏழேகாலளவில் மறையும், ஒவ்வொரு நாளும் மூன்று நிமிடம்போல வெளிச்சம் குறைந்துகொண்டே போகும். பள்ளத்தாக்கில் அதற்கு வெகு முன்னமே வெயில் முகட்டுக்குப் பின்னால் போய்விடும், உடனே குளிரும். கேபிள் காரின் கடைசி இறக்கம் எத்தனை மணிக்கு என்று அன்றைய நேர அட்டவணையில் பாருங்கள். கோடைகால அட்டவணையை நினைத்துக்கொண்டு போகவேண்டாம்.

இனி வரிசை. வெட்கப்பட்டுக் கடைசியில் போய் நிற்காதீர்கள், வழிகாட்டிக்கு நேர் பின்னால், இரண்டாவது ஆளாக நடவுங்கள். ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவர் ஒரு கல்லைத் தாண்ட இரண்டு நொடி தயங்கினால், அந்தத் தயக்கம் ஒவ்வொருவராகக் கூடிக்கூடிப் பின்னுக்குப் போகும். முன்னால் இருப்பவர் சீராக நடக்கும்போதே கடைசி ஆள் நிற்பதும் ஓடுவதுமாகக் களைத்துப்போவார். அதைவிட மோசமானது ஓய்வு விடயம். முன்னால் போனவர்கள் பத்து நிமிடம் இருந்துவிட்டுப் பின்னால் வந்தவர் சேர்ந்ததும் எழும்பினால், ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடமும் கிடைப்பதில்லை. அடுத்த ஏற்றத்தில் அவர் இன்னும் பிந்துவார், குழு இரண்டாக உடையும், பாதை பிரியும் இடத்தில் யாராவது தவறிப்போவார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ணத் தொடங்கவேண்டும். உங்கள் கழகத்தில் இந்த வழக்கம் இல்லையென்றால் அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கடைசியில் நடக்கவேண்டியவர் பாதை தெரிந்த, பலமான ஒருவர்.

முதல் இருபது நிமிடம் கதைத்துக்கொண்டே நடக்கக்கூடிய வேகம் போதும். மூச்சு வாங்கிக் கதை நின்றுபோனால் வேகம் கூடிவிட்டது என்று வழிகாட்டியிடம் சொல்லுங்கள். பாதைக்கு வெளியே ஒதுங்கவேண்டி வந்தால் சொல்லிவிட்டு, பையைப் பாதையோரம் வைத்துவிட்டுப் போங்கள். கடைசியில் வருபவர் அந்தப் பையைக் கண்டால் காத்திருப்பார்.

பத்து வருடச் சப்பாத்தை நம்பி மலைக்குப் போகவேண்டாம். போடாமல் வைத்திருந்தால் புதிதாகவே இருக்கும் என்று நினைக்கிறோம், ஆனால் பல மலைச் சப்பாத்துகளில் அடித்தட்டுக்கும் மேற்பகுதிக்கும் இடையே உள்ள மெத்தைப் பகுதி பாலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரம் அதை உள்ளுக்குள்ளே அரிக்கும், அலுமாரியில் சும்மா கிடந்தாலும் அரிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. நடக்கத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் அடித்தட்டு முழுதாகக் கழன்று கையோடு வரும். பெருவிரலால் அந்த மெத்தையைக் கெட்டியாக அழுத்திப் பாருங்கள், சப்பாத்தை வளைத்தும் பாருங்கள். வெடிப்போ உதிர்வோ தெரிந்தால் வீசிவிடலாம். தெரியாவிட்டாலும் இந்த வயதுச் சப்பாத்தை வீட்டுக்குக் கிட்ட நாலைந்து நீண்ட நடைகளில் சோதித்த பிறகே மேலே கொண்டுபோகலாம். புதிதாக வாங்குவதென்றால் பின்னேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த காலுறையோடு போட்டுப் பாருங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் இடிக்காதபடி கடையில் உள்ள சாய்தளத்தில் இறங்கிப் பார்ப்பது அவசியம். முதல் நாளே கால் நகங்களை வெட்டிவிடுங்கள். குதிக்காலில் சூடு தெரிந்த உடனே நின்று பிளாஸ்டர் ஒட்டவேண்டும், கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதில் பெரிய பயன் இல்லை.

பேர்ண் நகரம் ஏறத்தாழ 540 மீட்டரில் இருக்கிறது, கெம்மியின் கேபிள் கார் நிலையம் 2,350 மீட்டரில். ஆயிரம் மீட்டர் ஏற வெப்பநிலை ஆறு, ஆறரை பாகை குறையும். கீழே 17 பாகை என்றால் மேலே ஐந்தாறுதான், காற்று இருந்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். இலையுதிர்காலத் தொடக்கத்தில் இது தலைகீழாகும் நாட்களும் உண்டு. கீழே மூடுபனி அடைத்துக் குளிரும்போது மேலே வெயில் எறிக்கும். யன்னலால் பார்த்து உடுப்பை முடிவு செய்யாமல் வானிலை அறிக்கையில் பூச்சியப் பாகை உயரத்தை, அதாவது வெப்பநிலை பூச்சியத்துக்கு இறங்கும் உயரத்தை, பாருங்கள். அது 2,500 மீட்டரளவுக்கு இறங்கினால் கெம்மியில் ஈரப்பனி விழலாம். ஜீன்ஸும் பருத்திப் பெனியனும் வேண்டாம். வியர்வையை வாங்கி வைத்துக்கொள்ளும், கணவாய்க் காற்றில் உடம்பு நடுங்கத் தொடங்கும். காயக்கூடிய உள்ளுடுப்பு, கம்பளி அல்லது பிளீஸ், மழை ஜக்கெட், தொப்பி, கையுறை போதும். புறப்படும்போது சற்றுக் குளிராக உணர்ந்தால் சரியாக உடுத்திருக்கிறீர்கள். நெற்றி விளக்கும் பையில் இருக்கட்டும்.

ஒன்றரை லீட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். வழியில் வரும் டவுபன் ஏரித் தண்ணீரைக் குடிக்கவேண்டாம். ரொட்டியும் சம்பலும் அருமையான மலைச் சாப்பாடு. ஒரே இடத்தில் நிறையச் சாப்பிடாமல், மணிக்கொரு தடவை கொஞ்சமாக. ரிக்கற்றை அவரவரே எடுப்பதா என்று முதலே கேளுங்கள். விபத்துக் காப்புறுதி பெரும்பாலும் பங்குபற்றுபவரின் பொறுப்பு என்று அறிவிப்பிலேயே இருக்கும். ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்தால் வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் முதலாளியின் விபத்துக் காப்புறுதியே பொறுப்பு. இல்லாவிட்டால் சுகாதாரக் காப்புறுதியில் விபத்து சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். ரெகா வான்வழி மீட்பின் எண் 1414.

சுவிஸ் ஜெர்மன் முழுக்க விளங்கவேண்டும் என்றில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடுத்து எங்கே நிற்போம், எத்தனை மணிக்கு, பாதை பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் என்பவற்றை எழுத்து ஜெர்மனில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இதைக் கேட்டால் ஒருவரும் குறை நினைக்கமாட்டார்கள்.

லொய்க்கர்பாட்டுக்குக் கேபிள் காரிலேயே இறங்குங்கள். நடந்தால் 900 மீட்டருக்கு மேல் பாறைச் சுவரில் வளைந்து வளைந்து இறங்கவேண்டும். ஏற்கெனவே ஐந்து மணி நேரம் நடந்த காலுக்கு அது கடினம், மழை பெய்திருந்தால் கல் வழுக்கும். பாதிவழியில் முழங்கால் கைவிட்டால் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. வழிகாட்டி நடந்து இறங்குவதென்றால் கேபிள் காரில் வருபவர்கள் எங்கே காத்திருக்கவேண்டும் என்பதை மேலேயே பேசிவையுங்கள்.

மகளை இம்முறை கூட்டிப்போகவேண்டாம். பாதை அவளுக்குக் கஷ்டமில்லை. ஆனால் பெரியவர்களுக்கென்று திட்டமிட்ட நாளில் பிள்ளையின் வேகத்துக்கும் நிறுத்தங்களுக்கும் இடம் இராது, நீங்களும் உங்கள் நடையைக் கவனிக்க முடியாது. சுவிஸ் மலையேற்றக் கழகத்தின் பல கிளைகளில் குடும்பங்களுக்கும், பத்து வயது தொடங்கிப் பிள்ளைகளுக்கும் தனிப் பயணங்கள் இருக்கின்றன. பேர்ண் கிளையின் நிகழ்ச்சி நிரலில் தேடிப்பாருங்கள்.