வாசகர் கேள்விகள்: பார்சன் பச்சோந்தியின் நிறவகைகள்

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். அண்மையில் பார்சன் பச்சோந்திக் குட்டி ஒன்றை வாங்கினேன். விற்றவர் அதை ‘யெல்லோ ஜயன்ட்’ என்ற நிறவகை என்றார். உடலோ மங்கிய ஆரஞ்சு கலந்த பழுப்பாக இருக்கிறது. அவர் சொன்னது உண்மைதானா என்று எப்படி அறிவது?

பதில்: குட்டியின் நிறத்தை மட்டும் வைத்து அதை அறிய முடியாது என்பதே நேர்மையான பதில். பார்சன் பச்சோந்தியின் குட்டிகள் எந்த வகையைச் சேர்ந்தவையாயினும் பெரும்பாலும் நீங்கள் சொல்லும் ஆரஞ்சுப் பழுப்பிலேயே காணப்படும். வகையைக் காட்டும் நிறம், ஆண் விலங்கு முதிர்ந்த பின்னரே தெளியும். பெண்கள் பச்சை, மஞ்சள், பழுப்பு என்று அடக்கமான நிறங்களிலேயே இருந்துவிடுவதால், அவற்றை வகைப்படுத்துவதற்குப் பெற்றோரின் அடையாளத்தைத் தவிர வேறு நல்ல வழியில்லை.

முதிர்ந்த ஆணைப் பார்க்கும்போது கண்ணிமை, வாயின் விளிம்பு, உடலின் பொது நிறம், பருமன் ஆகிய நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நீலம் கலந்த பச்சை உடலும் ஆரஞ்சு நிற இமையும் கொண்டது ‘ஆரஞ்சு ஐ’. நான்கு நிறவகைகளில் சிறியதும் அதிகமாகக் காணப்படுவதும் இதுவே. உடல்நிறம் ஏறத்தாழ அதேபோல் இருந்து, வாயின் விளிம்பில் மஞ்சள் கோடு ஓடினால் அது ‘யெல்லோ லிப்’. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர். இமையை மட்டும் பார்த்து முடிவுசெய்வதே அதற்குக் காரணம். உடல் முழுவதும் மஞ்சள் படர்ந்த பெரிய விலங்கு ‘யெல்லோ ஜயன்ட்’, பச்சை மாறாத பெரிய விலங்கு ‘கிரீன் ஜயன்ட்’. விலாவில் சாய்வாக ஓடும் கருங்கோடுகளும், கண்ணுக்கு மேலிருந்து மூக்குவரை நீண்டு முன்துருத்தும் இரு மேடுகளும் இந்த இனத்தின் ஆண்களுக்குப் பொதுவானவை. அவற்றைக் கொண்டு வகையைப் பிரிக்க இயலாது.

எப்போது பார்க்கிறோம் என்பதும் முக்கியம். உறங்கும்போது உடல் வெளிறும். அச்சத்திலும் குளிரிலும் கருமை ஏறும். மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் எந்தப் பச்சையும் மஞ்சளாகவே தெரியும். ஆகவே விலங்கு அமைதியாக இருக்கும் முற்பகல் வேளையில், இயற்கை வெளிச்சத்தில், பல நாட்கள் பார்த்துக் குறித்துவைப்பதே நம்பத்தக்க முறை. விற்றவரிடம் தாய் தந்தை இரண்டின் படங்களையும், சட்டப்படியான பிறப்பிடச் சான்றையும் கேட்டுப் பெறுங்கள். மடகாஸ்கரின் கிழக்கு, வடக்கு மழைக்காடுகளில் மட்டுமே வாழும் இந்த இனத்தை அங்கிருந்து வணிகத்துக்கு வெளியே கொண்டுவருவது 1995 முதல் நிறுத்தப்பட்டது என்பதால், சான்றில்லாத விலங்கை, அது எந்த நிறமாயினும், வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: வகை உறுதியாகாத விலங்கை வேறொன்றுடன் இணைசேர்க்காதீர்கள். முட்டைகள் பொரிய ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்வரைகூட ஆகும் இந்த இனத்தில், ஒருமுறை கலந்துவிட்ட மரபுவரிசையைப் பிரித்தெடுக்க வளர்ப்பவரின் ஆயுளே போதாது.

கேள்வி: ‘கிறிஸ்டிஃபர்’ என்பது ஐந்தாவது நிறவகையா?

பதில்: இல்லை. மேற்சொன்ன நான்கும் வளர்ப்போரும் வணிகரும் வைத்துக்கொண்ட வழக்குப் பெயர்கள். அறிவியல் வகைப்பாட்டில் அவற்றுக்கு இடமில்லை. ஜேம்ஸ் பார்சன்ஸ் என்ற ஆங்கில மருத்துவரின் நினைவாக 1824-இல் பிரெஞ்சு அறிஞர் குவியே பெயரிட்ட இனத்தின் துணையினமாக, 1913-இல் முறைப்படி விவரிக்கப்பட்டது கிறிஸ்டிஃபர். மடகாஸ்கரின் கிழக்கில் உள்ள ஆண்டசிபே பகுதிக் காடுகளில் வாழும் இதன் முதுகில் சிறிய முகடு உண்டு. நான்கு நிறவகைகளும் அடங்கும் முதன்மைத் துணையினத்துக்கு அந்த முகடு கிடையாது. முதன்மைத் துணையினத்தின் ஆண் சுமார் 68 செ.மீ. வரை வளரும், கிறிஸ்டிஃபர் 47 செ.மீ. அளவில் நின்றுவிடும். எனவே இதை அடையாளம் காண நிறத்தைத் தேடாமல், முதுகின் விளிம்பைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.