பின் இருக்கையில் அமர்பவரின் பயம்

கேள்வி: நாங்கள் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரில் வசிக்கிறோம். என் கணவர் பல ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டுபவர். நான் பள்ளி நாட்களோடு விட்டவள். இந்தக் கோடை விடுமுறையில் டான்யூப் நதியோரம், பாஸாவிலிருந்து வியன்னா வரை இருவர் முன்னும் பின்னுமாக அமர்ந்து மிதிக்கும் டேண்டம் சைக்கிளில் சேர்ந்து போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, பழைய வண்டி ஒன்றை வாங்கிவிட்டார். ஓட்டிப் பார்த்த முதல் நாளே பின்னால் இருந்த எனக்குக் கை நடுங்கியது. "ஆடாமல் உட்கார்" என்று அவர் கோபித்துக்கொள்ள, நான் இறங்கி நடந்தே வீடு வந்தேன். விடுமுறை முழுவதும் இப்படியே கழிந்துவிடுமோ? வரவில்லை என்று சொல்லிவிடலாமா? - ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் நடுக்கத்துக்குக் காரணம் கோழைத்தனம் அன்று, அந்த வண்டியின் அமைப்பு. திருப்புவது, பிரேக் பிடிப்பது, கியர் மாற்றுவது ஆகிய எல்லாமே பெரும்பாலும் முன்னால் இருப்பவர் கையில்தான் இருக்கின்றன. நீங்கள் பிடித்திருக்கும் கம்பி திரும்பாது. உங்கள் கண்ணுக்கு நேரே தெரிவது கணவரின் முதுகு மட்டுமே. இரண்டு சோடிப் பெடல்களும் ஒரே செயினால் பிணைக்கப்பட்டிருப்பதால், அவர் மிதித்தால் உங்கள் கால்களும் சுற்றியே ஆக வேண்டும், அவர் நிறுத்தினால் நின்றே ஆக வேண்டும். வழியில் பள்ளம் வந்தால் அவர் அதைப் பார்த்துவிட்டுத் தம்மை அறியாமலே உடலைச் சற்று எழுப்பிக்கொள்வார். உங்களுக்கோ அது முதுகில் இடித்த பிறகுதான் தெரியும்.

முன்னால் இருப்பவரைக் கேப்டன் என்றும், பின்னால் இருப்பவரை, நீராவி எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுபவரைக் குறிக்கும் ஸ்டோக்கர் என்ற சொல்லாலும் அழைப்பார்கள். ஸ்டோக்கர் தவறே செய்வதில்லை என்பது டேண்டம் ஓட்டுபவர்களிடையே வழங்கும் பேச்சு. பின்னால் இருப்பவரால் வண்டியை எங்கும் செலுத்த முடியாது என்னும்போது, அவர் பயந்து ஆடினால் அவருக்குப் பயம் வரும்படி ஓட்டியவர்தான் பொறுப்பு என்பது அதன் பொருள். பின் இருக்கையில் பல கோடைகளைக் கழித்தவள் என்ற முறையில் அதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். இதை உங்கள் கணவரும் படிக்கட்டும்.

ஆகவே, வரவில்லை என்று சொல்வதற்கு முன் அவரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள்: அவர் பார்ப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "பள்ளம்", "கியர் மாற்றுகிறேன்", "மிதிக்காதே", "இடப்பக்கம் திரும்புகிறோம்" என்று ஒவ்வொரு முறையும் ஒரு நொடி முன்னதாகச் சொன்னால் போதும். உங்கள் உடல் தானாகவே அமைதியடையும். புறப்படும்போது அவர் கால்களை அகற்றி ஊன்றி, இரு பிரேக்கையும் அழுத்தி வண்டியை அசையாமல் பிடித்துக்கொள்ள, நீங்கள் ஏறி இரு பாதங்களையும் பெடலில் வைத்து, "தயார்" என்று சொன்ன பிறகே வண்டி நகர வேண்டும். "நிறுத்துங்கள்" என்று நீங்கள் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும். காலியான வாகன நிறுத்துமிடத்தில் நான்கைந்து மாலைகள் இதை மட்டும் பழகுங்கள். பின் சீட்டுக்கு அதிர்வைத் தாங்கும் கம்பி பொருத்தச் சொல்லுங்கள். அந்தச் செலவில் சிக்கனம் வேண்டாம்.

வழியைப் பொறுத்தவரை அவர் நன்றாகவே தேர்ந்திருக்கிறார். டேண்டம் ஏற்றத்தில் திணறும். சமவெளியில், இருவர் பலமும் சேர்ந்து ஏறத்தாழ ஒருவருக்கான காற்றின் எதிர்ப்பை மட்டுமே வெல்ல வேண்டியிருப்பதால், விரைந்து ஓடும். பாஸாவிலிருந்து வியன்னா வரை சுமார் 320 கிலோமீட்டரும் நதி ஓடும் திசையிலேயே செல்கிறீர்கள், பெரும்பகுதி சமதளம். அவருக்கு இது நான்கு நாள் வேலையாகத் தோன்றலாம். நீங்கள் எட்டு நாள் கேளுங்கள். தனித்தனி வண்டிகளில் போயிருந்தால் ஒவ்வொரு வளைவிலும் அவர் உங்களுக்காகக் காத்து நின்றிருப்பார், நீங்களோ அவரைப் பிடிக்க மூச்சிரைத்திருப்பீர்கள். இதில் அந்த மனத்தாங்கலுக்கு இடமில்லை, பேசிக்கொண்டும் போகலாம்.

ஷ்லோகன் அருகே நதி ஏறக்குறைய வந்த திசைக்கே வளைந்து திரும்பும் இடத்தில், சைக்கிள்களை ஏற்றிச் செல்லும் சிறு படகுகள் உண்டு. லின்ஸ் நகரைத் தாண்டியபின் வரும் மவுட்ஹவுசனில், நாஜிகள் 1938 முதல் 1945 வரை நடத்திய வதைமுகாமின் நினைவிடம் குன்றின் மேல் இருக்கிறது. அங்கே போவதானால் அன்றைய தூரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பார்த்துவிட்டு உடனே மிதிக்க மனம் வராது. மெல்க் மடாலயத்திலிருந்து கிரெம்ஸ் வரையிலான வாகாவ் பள்ளத்தாக்கு 40 கிலோமீட்டருக்கும் குறைவுதான் என்றாலும் அதற்கு இரண்டு நாள் ஒதுக்கலாம். திராட்சைத் தோட்டங்களும் ஏப்ரிகாட் மரங்களும் நிறைந்த பகுதி அது. இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் 1192-இல் சிறைப்பட்ட டூர்ன்ஸ்டைன் கோட்டையும் அங்கேதான் இருக்கிறது.

நீளமான வண்டி என்பதால் எல்லா ரயில்களிலும் டேண்டத்தை ஏற்ற மாட்டார்கள். டிக்கெட் வாங்கும் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். வாகாவ் பகுதியில் கோடையில் சைக்கிள்களையும் ஏற்றும் பயணப் படகுகள் ஓடுகின்றன. மெல்க் சேரும் நாளிலும் உங்கள் கை நடுங்கிக்கொண்டிருந்தால், அங்கிருந்து கிரெம்ஸ் வரை இருவரும் படகிலேயே போவது என்று, புறப்படுவதற்கு முன்பே அவரிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.