எட்டாம் நாள் ஆபீஸ் போக முடியுமா?
ஜெயநகர் சகோதரிக்கு: 48 வயது, மேல் இமை தொங்கல், கம்ப்யூட்டர் வேலையால் கண் உலர்வு, இமை அறுவை சிகிச்சை செய்துகொண்டு எட்டாம் நாள் ஆபீஸ் போகலாமா என்கிறீர்கள். உலர்வுதான் முதல் சிக்கல். தோலை அதிகம் வெட்டிவிட்டால் இமை முழுதாக மூடாது, எரிச்சல் கூடும். தேதி குறிக்கும் முன் கண்ணீர் அளவு பார்க்கும் ஷிர்மர் டெஸ்ட் கேளுங்கள். தொங்குவது தோலா, தூக்கும் தசையா, இறங்கிய புருவமா என்றும் கேளுங்கள்; தசை என்றால் தோலை மட்டும் வெட்டிப் பயனில்லை.

தையல் பெரும்பாலும் 5–7 நாளில் பிரிப்பார்கள். கன்றல் மங்க இரண்டு வாரம் ஆகலாம், மீட்டிங்கில் கேள்வி வரும்! ஆஸ்பிரின் எடுத்தால் முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், தலையை உயர்த்திப் படுக்கை.

ஒரு கண்ணில் கடும் வலி, பிதுக்கம், பார்வை மங்கல் என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கினால் பார்வையே போகலாம். நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள்.