நாற்பது பக்கக் கொள்கை வேண்டாம், முதலில் அலமாரியைத் திறங்கள்

கேள்வி: ஹட்டனில் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்றை நடத்துகிறோம். தோட்டப் பிள்ளைகள் 140 பேருக்குக் கல்வி உதவித்தொகை கொடுக்கிறோம். முழுநேர ஊழியர் மூவர், தோட்டங்களில் தொண்டர்கள் 12 பேர், ஒரு மடிக்கணினி, அவ்வளவுதான். பிரித்தானியாவில் இருந்து உதவும் அமைப்பு, அடுத்த தவணைப் பணத்துக்கு முன் 'தகவல் பாதுகாப்புக் கொள்கை' அனுப்பச் சொல்கிறது. இணையத்தில் 40 பக்க மாதிரி ஒன்று கிடைத்தது. பெயரை மட்டும் மாற்றி அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். அப்படிப்பட்ட மாதிரிகளில் சர்வர் அறைக்குள் யார் போனார், யார் வந்தார் என்று பதிவேடு வைக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும். உங்களிடம் சர்வர் அறை ஏது? கணக்காய்வுக்கு வருகிறவர் அந்தப் பதிவேட்டைக் கேட்டால் முழிக்க வேண்டியதுதான். செய்யாததைச் செய்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது, கொள்கையே இல்லாதிருப்பதைவிட மோசம். நாலு பக்கம் போதும். ஆனால் அதை எழுதுவதற்கு முன் ஒரு முழு நாள் அலமாரியையும் எல்லோருடைய போனையும் பார்க்க வேண்டும்.

உதவும் அமைப்பு கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆட்களின் விவரம் கசிந்து பாதிப்பு வரக்கூடும் என்றால், பிரித்தானியச் சட்டப்படி 72 மணி நேரத்துக்குள் அங்குள்ள தரவுப் பாதுகாப்புக் கண்காணிப்பு அமைப்புக்கு அவர்கள் அறிவிக்க வேண்டும். நமக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச் 18 அன்று நடைமுறைக்கு வரவிருந்து, தள்ளிவைக்கப்பட்டன. அதைச் சாக்காக வைத்துச் சும்மா இருக்காதீர்கள். தொண்டு நிறுவனம் என்பதற்காக அந்தச் சட்டம் நம்மை விட்டுவிடாது, தண்டப்பணம் ஒரு கோடி ரூபாய் வரை போகலாம்.

சரி, அலமாரி. உங்கள் விண்ணப்பக் கோப்பு ஒன்றை எடுத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், தாய் தகப்பனின் அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், அநேகமாக "தந்தைக்குக் குடிப்பழக்கம்", "தாய்க்கு நோய்" என்று கள அலுவலர் எழுதிய குறிப்பு. உடல்நலமும் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விவரமும் சட்டத்தில் விசேட கவனத்துக்குரிய வகை. ஒவ்வொரு தாளையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது இல்லாமல் உதவித்தொகையைக் கொடுக்க முடியாதா? பிறப்புச் சான்றிதழைக் கண்ணால் பார்த்துவிட்டு "பார்த்தேன்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தால் போதும். கையில் இல்லாதது தொலையாது.

அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம், புதியதில் முதல் நான்கு, பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆக, பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் அதிலேயே இருக்கின்றன. தெரிவானோர் பட்டியலைப் பாடசாலைச் சுவரில் ஒட்டும்போது கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் போடுங்கள்.

நம் ஆட்கள் கேட்டால் எந்தக் கடதாசியையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு, நான் இந்த நாட்டு ஆள் என்று காட்டவே பெட்டி நிறையக் கடதாசி தூக்கி அலைந்த சனம். அதனால் "அவர்களே விரும்பித் தந்தார்கள்" என்பதை ஒரு சம்மதமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். எதை, எதற்கு, எத்தனை வருடம் வைத்திருப்போம் என்று தமிழில் அரைப் பக்கம் அச்சடித்து, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஆங்கிலப் படிவத்தில் வாங்கிய கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

உங்கள் பெரிய ஓட்டை மடிக்கணினி அல்ல, வட்ஸ்அப். தொண்டர் படிவத்தைப் படம் பிடித்துக் குழுவில் போடுகிறார். மற்ற 14 பேரின் போனிலும் அது கேலரியில் போய் உட்கார்கிறது, சிலருடையது கூகுள் போட்டோஸுக்கும் ஏறிவிடுகிறது. போன வருடம் விலகியவரும் இன்னும் குழுவில் இருப்பார், பாருங்கள். குழுவைக் கூட்டம் பற்றிய தகவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தின் படம் அலுவலக போனுக்கு மட்டும் போகட்டும். கணினியில் ஏற்றியதும் அனுப்பியவரின் போனிலும் அலுவலக போனிலும் அழித்துவிடுங்கள். எல்லோரும் வட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை, அதாவது கணக்கைத் திறக்க நாமே வைத்த ஒரு இரகசிய எண்ணையும் கேட்கும் வசதியை, போட வேண்டும். போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்டு யார் அழைத்தாலும் சொல்லக் கூடாது, தலைவரே அழைத்தாலும்.

கொமியூனிகேஷன் கடையில் பிரதி எடுக்கும்போது பென் டிரைவைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கழித்த தாளை எரித்துவிடுங்கள். வடை சுற்றித் தந்த தாளில் ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தை நானே ஒரு முறை வாசித்திருக்கிறேன். அதற்குப் பிறகு வடை இறங்கவில்லை.

மடிக்கணினிக்கு, ஆளுக்கொரு கணக்கும் நீளமான பாஸ்வேர்டும். கூகுள் டிரைவ் ஒருவரின் சொந்த ஜிமெயிலில் இருந்தால் இன்றே அலுவலகக் கணக்குக்கு மாற்றுங்கள். அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் 140 பிள்ளைகளின் விவரமும் கூடவே போய்விடும். இந்த விவரங்களின் பிரதி ஒன்றைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வேறு ஊரில் வையுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளைப் பார்த்த பிறகு இதற்கு விளக்கம் தேவையில்லை.

இதையெல்லாம் எழுதினால் உங்கள் நாலு பக்கம் நிரம்பிவிடும். கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கட்டும்: போன் தொலைந்தாலோ கணக்கு களவு போனாலோ அன்றைக்கே யாரிடம் சொல்ல வேண்டும் என்று. அவர் செய்ய வேண்டியது, பாஸ்வேர்டுகளை மாற்றுவது, யாருடைய விவரம் போனது என்று குறிப்பது, உதவும் அமைப்புக்கு அறிவிப்பது, இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்தின் 101க்கு அழைப்பது. தொலைத்தவரைத் திட்டக் கூடாது என்பதையும் எழுதுங்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் மூன்று நாள் மறைப்பார்கள், 72 மணி நேரம் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டு கட்டச் சரிபார்ப்பு போல இன்னும் செய்து முடிக்காதவற்றை, எப்போது முடிப்போம் என்ற திகதியோடு தனியாகப் போடுங்கள்.