பி.காம். மாணவர் யாருடைய சாதனை?

அன்புள்ள சார்,

நான் ஓர் அரசு கலைக் கல்லூரியில் ஆங்கிலத்துறை உதவிப் பேராசிரியை. ஆண்டு மலருக்காகத் துறையின் சாதனைகளைத் தொகுக்கும் பொறுப்பு இந்த முறை எனக்கு வந்திருக்கிறது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் தேர்ச்சி, பல்கலைக்கழக ரேங்க், கருத்தரங்கில் வாசித்தவை, ஆசிரியர்கள் வெளியிட்ட கட்டுரைகள் என்று வழக்கமான தலைப்புகள். எல்லாம் சேர்த்துப் படித்துப் பார்த்தால் இது எங்கள் துறை மாதிரியே தெரியவில்லை. எதைச் சேர்க்கலாம், எதை விடலாம்?

எம்.

அன்புள்ள எம்.,

நெட் தேர்ச்சியை விட்டுவிடாதீர்கள், முதல் பக்கத்திலேயே போடுங்கள். இரண்டு தாள், 150 கேள்வி, மூன்று மணி நேரம். ஆங்கிலத்துக்கு நாடகம், கவிதையில் தொடங்கி பண்பாட்டு ஆய்வு, ஆய்வு முறையியல் வரை பத்து அலகுகள். அதே தேர்வின் வழியே ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகையும் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். "இன்னும் எத்தனை வருஷம் படிக்கப்போறே?" என்று வீட்டில் கேட்கும்போது, ஒரு பெண் பதில் சொல்லி நிற்க அந்தப் பணம் உதவும்.

கட்டுரைகளில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 விதிமுறைகளில் எடுத்துவிட்டது. ஆனாலும் பதவி உயர்வுக்கும், கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் மதிப்பீட்டுக்கும் கட்டுரை எண்ணிக்கை தேவைப்படுகிறது; பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களுக்கு அதுதான் பிழைப்பு. அந்த நெருக்கடியில் இருப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கட்டுரை எதைக் கண்டுபிடித்துச் சொல்கிறது என்று எழுதியவரிடமே இரண்டு வரி கேட்டு வாங்குங்கள். அந்த இரண்டு வரி வந்தால் மலரில் போடுங்கள்.

அப்புறம், தமிழில் எழுதுகிறவர்களுக்கும் மொழிபெயர்ப்பவர்களுக்கும் இடம் வேண்டும். 1964-இல் வெளிவந்த 'புத்தம் வீடு' நாவலை எழுதிய ஹெப்சிபா ஜேசுதாசன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். எழுத்தாளர் நகுலனும் அதே ஊரில், மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியின் முதல்வராக இருந்த ஆங்கிலப் பேராசிரியர் அ. சீனிவாச ராகவனுக்கு 1968-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 'வெள்ளைப் பறவை' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காக. உங்கள் மாணவி ஒருத்தி ஒரு தமிழ்ச் சிறுகதையை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயிருந்தால் தயங்காமல் அதை அச்சிடுங்கள். எந்தத் தலைப்பின் கீழ் போடுவது என்ற கேள்விக்காக அது நின்றுவிடக் கூடாது.

இவ்வளவும் சேர்த்த பிறகும் உங்களுக்கு அந்தக் குறை தீராது என்றே நினைக்கிறேன். உங்கள் துறையின் பெரிய வேலை பி.ஏ. ஆங்கில வகுப்புக்கு வெளியே நடக்கிறது. பட்டப்படிப்பில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம்: வேதியியல், வரலாறு, வணிகவியல் என்று எதை எடுத்தவர்களும் உங்கள் வகுப்பில் உட்கார்ந்துதான் பட்டம் வாங்க வேண்டும். பள்ளி முழுக்கத் தமிழ் வழியில் படித்துவிட்டு, முதல் நாள் ஆங்கிலத்தில் பெயர் சொல்லக்கூட எழுந்து நிற்கப் பயப்படும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ஓர் இங்கிலீஷ் அரியரால் டிகிரி கையில் கிடைக்காமல் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். கடைசிப் பருவத்துக்குள் அந்த அரியரை முடித்து வேலைக்குப் போன பி.காம். மாணவர் யாருடைய சாதனை? வணிகவியல் துறை அவரைத் தன் பட்டியலில் சேர்க்காது. நீங்களும் சேர்ப்பதில்லை. வகுப்பு முடிந்த பிறகும் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கௌரவ விரிவுரையாளராக இருக்கலாம். கட்டுரை எண்ணிக்கை கேட்கும் படிவத்தில் அவருக்கு இடமே கிடையாது.

ஆகவே இரண்டு பக்கம் இதற்கென்று ஒதுக்குங்கள். மற்றத் துறைகளில் போய்க் கேளுங்கள். இந்த ஆண்டு பகுதி இரண்டில் அரியரை முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு யார் வகுப்பு எடுத்தார்கள், எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். ஆசிரியர்களின் பெயரைக் கட்டாயம் போடுங்கள். மாணவர்களின் பெயரைப் போடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அரியர் வைத்திருந்ததை ஊரறியச் சொல்ல எல்லோருக்கும் பிடிக்காது.